தலைகீழாய் நின்ற சைக்கிள்

புறநானூற்றின் 102 ஆம் பாடலைக் கற்பிக்க நேரும்போதெல்லாம் நான் ஓரிடத்திற் சற்று நின்றுவிடுவதுண்டு. ஒளவையார் பொகுட்டெழினியைப் பாடிய பாட்டு அது. உப்பு வணிகராகிய உமணர் வண்டியிலே பாரம் ஏற்றிக்கொண்டு நெடுவழி போகின்றனர். எருதுகளோ இளையவை. வழி மேடாகவும் இருக்கும், பள்ளமாகவும் இருக்கும். எங்கே அச்சு முறியும் என்பது எவருக்குத் தெரியும்? ஆகவே வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் கட்டிவைத்துக்கொள்கின்றனர். சேமஅச்சு என்பது அதன் பெயர். அந்தச் சேமஅச்சைப் போன்றவன் நீ என்று ஒரு குறுநிலத் தலைவனைப் புகழ்கிறார் புலவர்.

யானை, வாள், வெண்குடை என்று அரசனைப் புகழ்வதற்கு எத்தனையோ பொருள்கள் இருக்க, வண்டிக்காரனுடைய மாற்று உறுப்பு ஒன்று எப்படிப் பாட்டுக்குள் வந்தது? நடுக்காட்டில் அச்சு முறிந்து தவித்த அநுபவம், பாடியவருக்கும் கேட்டவருக்கும் பொதுவாக இருந்திருக்கிறது. தச்சன் செதுக்கியபோது அது மரத்துண்டு. நெடுவழியில் அதை நம்பிப் போனவர்கள்தாம் அதற்கு வேறொரு பொருளைக் கொடுத்தார்கள். இதைத்தான் இன்றைய ஆய்வாளர்கள் 'பொருள்சார் பண்பாடு' என்று பெரிய பெயர் சூட்டிப் பேசுகிறார்கள்.

தொழில்நுட்பமும் பண்பாடும் என்ற பொருளிற் பேச வேண்டும் என்று வானொலியார் கேட்டபோது, கணினியைப் பற்றியோ கைத்தொலைபேசியைப் பற்றியோ பேசுவேன் என்று நேயர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். வன்னியிற் பிறந்து வன்னியிலேயே தமிழ் கற்பிப்பவனுக்கு முதலில் நினைவுக்கு வருவது சைக்கிள். அதிலும் குறிப்பாக, அதன் சில்லோரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு உறுப்பாகிய டைனமோ.

சைக்கிளின் வரலாறு பலரும் அறிந்ததுதான். 1817 இல் ஜேர்மனியரான கார்ல் டிராய்ஸ் காலால் நிலத்தை உந்தி ஓடும் இரு சில்லு வண்டியைச் செய்தார். 1885 இல் இங்கிலாந்தின் ஸ்ராலி, இரண்டு சில்லும் ஏறத்தாழ ஒரே அளவான, பின்சில்லுக்குச் செயின் பூட்டிய வண்டியை உருவாக்கினார். 1888 இல் டன்லப் காற்றடைத்த ரயரைக் கொண்டுவந்தார். பிறகு றலி, ஹம்பர் என்று ஆங்கிலப் பெயர்களைத் தாங்கி அது எங்கள் ஊர்களுக்கும் வந்தது. தொடக்கத்தில் அது தபாற்காரருக்கும் ஆசிரியருக்கும் உரிய கௌரவம். பின்னர் லுமாலா போன்ற உள்நாட்டு வண்டிகள் வந்தபோது கமக்காரனின் முற்றத்திலும் ஒன்று நின்றது. எங்கள் பிள்ளைகள் கட்டுரையில் 'துவிச்சக்கர வண்டி' என்று எழுதுவார்கள். மணி அடித்ததும் 'என்ர சைக்கிளை ஆர் எடுத்தது?' என்று கேட்பார்கள். தமிழ்நாட்டார் 'மிதிவண்டி' என்பார்கள். எந்தப் பெயரால் அழைத்தாலும் அது மனிதரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகச் செய்யப்பட்ட பொருள். டைனமோவும் இரவில் வழி காட்டச் செய்யப்பட்டதுதான். விளக்கில்லாமல் ஓடிப் பொலிஸ்காரரிடம் தண்டம் கட்டியவர்கள் அந்தத் தலைமுறையில் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

டைனமோ இயங்கும் விதத்தைச் சற்று விளக்க வேண்டும். சிறு போத்தல் வடிவிலான அதன் தலையில் ஓர் உருளை இருக்கும். அதை ரயரின் பக்கத்தோடு அழுத்திவிட்டால் சில்லு சுழலும்போது உருளையும் சுழலும். உள்ளே கம்பிச் சுருளுக்கு நடுவில் ஒரு காந்தம் சுற்றும். 1831 இல் மைக்கல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்ற தத்துவம்தான் அது. அதிலிருந்து கிடைப்பது சாதாரணமாக 6 வோல்ற்று, 3 வாற்று. ஒரு சிறிய மின்குமிழுக்கு அவ்வளவு போதும். விஞ்ஞான ஆசிரியரான என் நண்பர் ஒருவர், அதற்கு டைனமோ என்ற பெயரே தவறு, அது தருவது ஆடலோட்டம் அல்லவா என்று வாதிடுவார். வாதம் சரிதான். ஆனால் ஊர் ஒரு பெயரை வைத்துவிட்டால் பிறகு இலக்கணகாரனும் விஞ்ஞானியும் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

1990 யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டது. 'லக்சபானா மின்சாரம்' என்று நாங்கள் அழைத்துவந்த மின்சாரம் இல்லாமற் போயிற்று. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, யூரியா உரம் என்று பல பொருள்கள் வடக்கே வருவதற்குத் தடை. மண்ணெண்ணெய் அளந்து கிடைத்தது, கிடைத்த இடத்தில் அதன் விலை எட்டாத உயரத்தில் நின்றது. ரோர்ச்சுக்குப் போடும் பற்றறி என்பது கள்ளமாகக் கைமாறும் பண்டமாயிற்று. தேய்ந்த பற்றறிகளை வெயிலில் காயவைத்து இன்னும் ஓரிரு நாள் உயிர்கொடுத்துப் பார்த்தோம். அதுவும் முடிந்தால் உடைத்துக் கரியை எடுத்துக் கரும்பலகைக்குப் பூசினோம்.

ஆனால் வானொலி இல்லாமல் இருக்க முடியாது. எந்தப் பாதை திறந்திருக்கிறது, எங்கே சண்டை நடக்கிறது, உறவினர் இருக்கும் ஊருக்கு என்ன ஆயிற்று என்பதையெல்லாம் அறிய வேறு வழி இல்லை. அந்த நெருக்கடியிலேதான் யாரோ ஒருவருக்கு, முற்றத்தில் நின்ற சைக்கிள் வேறு விதமாகத் தெரிந்திருக்கிறது. முதலிற் செய்தவர் யார் என்று எவராலும் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்திலும் செய்தார்கள், வன்னியிலும் செய்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக, இருக்கையும் ஹாண்டிலும் நிலத்தில் படும்படி நிறுத்தினார்கள். டைனமோவிலிருந்து வந்த வயரை இருவாயிகள் சிலவற்றினூடாகச் செலுத்தி ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கி வானொலிக்குக் கொடுத்தார்கள். மிதியைக் கையாற் சுற்றினால் வானொலி பேசிற்று.

ஓடுவதற்கென்று செய்யப்பட்ட வண்டி நின்ற இடத்திலே நின்று உலகத்தை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தது. அப்போது எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. மிதி சுற்றுவது பெரும்பாலும் என்னைப் போன்ற பையன்களின் வேலை. வேகமாகச் சுற்றினால் மின் அழுத்தம் கூடி வானொலி பழுதாகிவிடும் என்று பெரியவர்கள் ஏசுவார்கள். கை தளர்ந்தாற் செய்தி வாசிப்பவரின் குரல் மெல்ல மெல்ல அமிழ்ந்து இழுபடும். 'சுத்தடா, சுத்தடா' என்று நாலா பக்கத்திலிருந்தும் சத்தம் வரும். மிக முக்கியமான செய்தி வரும்போதுதான் கை ஓய்ந்துபோகும் என்பது எங்கள் எல்லோருடைய அநுபவமும். பி.பி.சி. தமிழோசைக்கும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலிக்கும் அயல் முழுதும் கூடும். சைக்கிள் உள்ள வீடு ஒன்று, வானொலி உள்ள வீடு இன்னொன்று, வயர் பூட்டத் தெரிந்தவர் மூன்றாம் வீட்டுக்காரர் என்று இருக்கும். கதைக்காமல் இருந்த இரண்டு வீட்டார் தமிழோசைக்காக ஒரே முற்றத்தில் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். செய்தி முடிந்ததும் மறுபடியும் கதைக்காமலே எழுந்து போனார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் இன்னொரு வேடிக்கை. 1996 மே மாதத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்கென அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை முன்னே தள்ளிவைத்தது. மின்சாரமே இல்லாத வன்னியிலே பழைய நேரம் தொடர்ந்தது. ஆகவே வவுனியாவைத் தாண்டினால் ஒரு நேரம், உள்ளே இன்னொரு நேரம். எவராவது மணி சொன்னால் 'பழைய நேரமோ, புதிய நேரமோ?' என்று கேட்டுத் தெளிய வேண்டியிருந்தது. 2006 ஏப்பிரலில் நாடு மீண்டும் பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை இது இருந்தது. மணிக்கூடு என்ற பொதுப் பொருள்கூட இடத்துக்கு இடம் வெவ்வேறு பொருள் கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

சைக்கிளின் வேறோர் உறுப்பும் அக்காலத்தில் தன் தொழிலை மாற்றிக்கொண்டது. ஜாம் போத்தல் விளக்கை அறிந்த வாசகர்கள் பலர் இருப்பீர்கள். வெறும் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சிறிதளவு மண்ணெண்ணெய் விடுவது. சைக்கிள் ரியூப்பின் வால்வுக் கட்டைக்குள்ளே நூலைத் திரியாகச் செலுத்திக் கம்பியிற் பொருத்தி உள்ளே இறக்குவது. காற்றை உள்ளே விடுவதற்கென்று செய்த குழாய், எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக மேலே ஏற்றியது. ஒரு தேக்கரண்டி எண்ணெயை வைத்துக்கொண்டு ஓரிரவு படிக்கலாம். போத்தலின் சுவர் காற்றைத் தடுத்தது. நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தது இந்த விளக்கிலேதான். விளக்கு அவ்வளவு சிறிதாதலால் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் பாதிக்குத்தான் வெளிச்சம் விழும்.

மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பற்றித் தனியாகவே ஒரு வாரம் பேசலாம். குழந்தைக்குப் பால் கொடுக்கும் சூப்பிப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைப் பீச்சி இயந்திரத்தை எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயை ஓடவிடுவார்கள். சூப்பி என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் அன்றைக்கு இரண்டு பொருள் இருந்தன.

இனி, மொழி ஆசிரியன் என்ற முறையில் என் கவனத்தை மிகவும் ஈர்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வழக்கிற் சைக்கிளை 'ஓடுவது' என்றுதான் சொல்வோம். 'சைக்கிள் ஓடத் தெரியுமோ?' என்பது சிறுபிள்ளையிடம் கேட்கும் கேள்வி. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் ஒரே இரவில் எழுந்து வந்தார்கள். பலர் பிறகு கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குள் இறங்கினார்கள். 1996 இற் கிளிநொச்சியும் இடம்பெயர்ந்தது. அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று காடும் வயலும் சேர்ந்த ஊர்களெல்லாம் மனிதரால் நிறைந்தன. அந்த நாட்களின் கதையைச் சொல்பவர்கள் எவரும் 'சைக்கிள் ஓடி வந்தோம்' என்பதில்லை. 'சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தோம்' என்பார்கள். வினைச்சொல் மாறிவிட்டது. ஏறி ஓடுவதற்கு அதில் இடம் இல்லை. கரியரில் அரிசி மூட்டையும் பாயும், ஹாண்டிலில் வாளியும் குடமும், பாரிற் சுருட்டிக் கட்டிய உடுப்பு மூட்டை. எல்லாவற்றுக்கும் மேலே நடக்க முடியாத ஒரு கிழவியோ காய்ச்சற்காரப் பிள்ளையோ. பழைய ரியூப்பை வாராகக் கிழித்து அதனாற் கட்டிய கட்டு அவிழவே அவிழாது. இன்றைக்கும் எங்கள் பகுதியில் ஒருவர் 'உருட்டின காலம்' என்றால் எந்தக் காலத்தைச் சொல்கிறார் என்று கேட்பதில்லை.

பாரம் சுமக்கும் சைக்கிள் எங்களுக்கு மட்டும் உரியதன்று. 1954 இல் வியற்நாமின் டியன் பியன் பூச் சமரின்போது, மூங்கிற் கழிகளால் வலுப்படுத்திய சைக்கிள்கள் 200 கிலோவுக்கு மேற்பட்ட சுமையை மலைப் பாதைகளில் இழுத்துச் சென்றன. பிரான்சிற் செய்யப்பட்ட பேஜோ சைக்கிள்களும் அவற்றுள் இருந்தன. எதிர்த்து நின்றதோ பிரெஞ்சுப் படை. செய்தவனின் நோக்கம் தொழிற்சாலை வாசலோடு முடிந்துவிடுகிறது.

அதே தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடலுக்கு அப்பால் புதுக்கோட்டையிலே சைக்கிள் முற்றிலும் வேறொரு பொருளை ஏற்றது. அறிவொளி இயக்கம் எழுத்தறிவு புகட்டியபோது, மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் ஓடவும் கற்பிக்க ஊக்கம் கொடுத்தார். கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலை செய்யும் பெண்களும் பெருந்தொகையாகக் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பெண்களுக்கான சைக்கிள் போதாமல் இருந்தபோது சிலர் பார் உள்ள ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள், பாரிற் பிள்ளையை இருத்தலாமே என்று. புதுக்கோட்டைப் பெண்ணுக்குச் சைக்கிள் வீட்டு வாசலைத் தாண்டிப் போகும் உரிமை. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் சைக்கிளிற் பள்ளிக்கூடம் போவது முன்னரே பழகிய காட்சிதான். ஆனால் நாற்பது வயதுக்கு மேலே, கணவனை இழந்தபின், விறகு கட்டி விற்பதற்காக முதன்முறை சைக்கிள் பழகிய பெண்கள் வன்னியில் இருந்தார்கள். அவர்கள் விழுந்து எழும்பிப் பழகியதை விடுதலை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. விடுதலை இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. அவர்களில் ஒருவரிடம் இதைக் கேட்டேன். 'அதெல்லாம் உங்களுக்குத்தான் தம்பி. எனக்கு அண்டைக்கு உலை வைக்கோணும்' என்றார்.

இந்தப் பதில் ஒரு முக்கியமான இடத்துக்கு நம்மைக் கொண்டுபோகிறது. தடைக் காலத்துக் கண்டுபிடிப்புகளைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். புலம்பெயர் நாடுகளிலிருந்து வருபவர்கள் ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிக் கேட்டுப் பெருமிதம் அடைகிறார்கள். எங்கள் சனம் எதையும் சமாளிக்கும் என்ற பேச்சு மேடைகளிற் கைதட்டல் பெறுகிறது. பெருமைப்படுவதிற் பிழையில்லை. ஆனால் சமாளிப்பு என்ற சொல் சில சமயங்களில் ஒரு திரையாகிவிடுகிறது. டைனமோ வானொலியைப் புகழ்பவர்கள், ஒரு பற்றறி வாங்கும் உரிமைகூட அந்த மக்களுக்கு இல்லை என்பதைச் சொல்ல மறக்கிறார்கள். ஜாம் போத்தல் வெளிச்சத்திற் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்களைப் பட்டியலிடுகிறோம். அதே வெளிச்சத்திற் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களையும், கைதட்டுப்பட்டு விளக்குச் சரிந்து ஓலைக் குடிசை எரிந்ததையும் எந்தப் பட்டியலிற் சேர்ப்பது? சைக்கிள் கரியரில் ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த நோயாளியைப் பற்றிக் கதை இருக்கிறது. போய்ச் சேராதவரைப் பற்றி வீட்டார் மட்டுமே பேசுகிறார்கள். ஒரு பொருள் எப்படிப் பண்பாட்டுச் சின்னமாகிறது என்று ஆராய்பவர்கள், சின்னமாகும்போது அதிலிருந்து எவை உதிர்ந்துபோகின்றன என்பதையும் ஆராய வேண்டும்.

2002 தொடக்கத்திற் பெரும்பாலான தடைகள் நீங்கின. பெப்ரவரியிற் போர்நிறுத்தம், ஏப்பிரலில் ஏ-9 வீதி திறப்பு. பற்றறி பெட்டிக்கடையிலே தொங்கியது. மோட்டார் சைக்கிள்கள் வந்தன. டைனமோ ஊமையாயிற்று. பிறகு மீண்டும் போர். 2009 மே மாதத்தின் பின் முள்ளிவாய்க்காற் பக்கத்தில், மக்கள் விட்டுவந்த சைக்கிள்களும் வாகனங்களும் மலைபோலக் குவிந்து துருப்பிடித்துக் கிடந்தன. உருட்டிக்கொண்டு போன கடைசிப் பொருளையும் ஓரிடத்திற் கைவிட வேண்டியிருந்தது என்பதை அந்தக் குவியல் சொல்லிற்று. பழைய இரும்பு வாங்குபவர்களுக்கு அது நிறையிலே கணக்கிடும் இரும்பு. தன் வண்டியை அதற்குள் அடையாளம் காணலாமோ என்று தேடிப் போனவர்களும் இருந்தார்கள்.

2017 ஏப்பிரல் 30 ஆம் திகதியோடு தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பும் நின்றது. மிதி சுற்றிக் கேட்ட குரல்களின் அலைவரிசை ஓய்ந்துபோனதை வன்னியில் யாரும் ஆரவாரமாகப் பேசவில்லை. கையில் தொலைபேசி இருந்தது.

ஆனால் 2022 இல் நாடு முழுவதும் எரிபொருள் இல்லாமல் நின்றதை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோலுக்கு நாட்கணக்காக வரிசை. கொழும்பிலே அலுவலகக்காரர்கள் சைக்கிளில் வேலைக்குப் போனது செய்தியாயிற்று. சைக்கிளின் விலை கிடுகிடுவென ஏறியது. எங்கள் ஊரிலும் சாய்ப்புக்குள் மறந்து கிடந்த பழைய வண்டிகளைத் தூசி தட்டி வெளியே எடுத்தார்கள். வயதானவர்கள் பதற்றப்படவில்லை. 'இப்பதான் அவைக்கு விளங்குது' என்று ஒரு முதியவர் சொன்னதில் மகிழ்ச்சியும் இல்லை, கசப்பும் அதிகம் இல்லை. கடையில் உப்பின் விலையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அந்த நாட்களில் நானும் என் வண்டியைத் திருத்தச் சைக்கிள் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் உயர்தரம் படிக்கும் பையன் ஒருவன், தன் தாத்தாவின் பழைய சைக்கிளோடு நின்றான். ரயர் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டாயிற்று. 'இந்தப் போத்தல் மாதிரிக் கிடக்கிறதைக் கழட்டிவிடுங்கோ அண்ணை, எனக்கு யூ.எஸ்.பி.யில சார்ஜ் பண்ணுற லைற் இருக்கு' என்றான். கடைக்காரர் ஒன்றும் பேசாமற் கழற்றினார். உருளையைப் பெருவிரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த பால்மா ரின்னுக்குள்ளே போட்டார். அதற்குள் ஏற்கெனவே ஐந்தாறு டைனமோக்கள் கிடந்தன. எதற்குச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

'கிடக்கட்டும் சேர்' என்றார். 'உங்கட சைக்கிளுக்கு என்ன பிழை?'